இங்கிருந்து இதுவரைக்கும்

அன்புள்ள ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகள் தமிழைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்கள். ஆனால் பத்தியை முடித்ததும் என்ன புரிந்தது என்று கேட்டால் விழிக்கிறார்கள். சொந்தமாக நாலு வரி எழுத வருவதில்லை. இதைத் தமிழாசிரியர் அல்லவா கவனித்திருக்க வேண்டும்? செல்போன்தான் காரணமா? பாடத்தைக் கிளை கிளையாக விரித்துக் காட்டும் மனவரைபடம் வரையச் சொல்வதா, சுருக்கம் எழுதச் சொல்வதா, எது பலன் தரும்?

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

செல்போனை விடுங்கள். அது வருவதற்கு முன்பும் பிள்ளைகள் விழித்தார்கள். நானும் விழித்தவன்தான்.

தமிழாசிரியரை இழுத்தீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடமே ‘உறவுகளும் சார்புகளும்’. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றே ஒன்றைத் தரும் உறவுக்குக் கணக்கில் சார்பு என்று பெயர். அது எந்தத் தமிழய்யா நடத்திய சார்பு? ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் ‘கணம்’ என்றால் நொடி இல்லை, தொகுப்பு. உங்கள் இயற்பியலில், தலையில் மூட்டையோடு ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பவர், மூட்டை நகராததால், அதன் மேல் ‘வேலை’ எதுவும் செய்யவில்லை. கொத்து வேலைக்குப் போகிற அம்மாவின் பிள்ளை இதை எப்படி வாசிக்கும்? பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கக் கற்றுத்தர வேண்டியவர் நீங்கள். பிரிட்டனில் பள்ளிகளின் மொழிக் கல்வியை ஆராய்ந்த புல்லக் குழு 1975இலேயே இதைச் சொல்லிவிட்டது: மொழி எல்லாப் பாட ஆசிரியர்களின் பொறுப்பு. நம் பி.எட். படிப்பிலும் இதற்கென்று ஒரு தாள் இருக்கிறது. தேர்வு எழுதியதோடு அதை மறந்துவிடுகிறோம்.

சரி, உங்களைத் திட்டுவதற்காக இதை எழுத உட்காரவில்லை. உங்கள் கடிதம் வந்தபோது என் பழைய புத்தகம் ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் பக்கத்து வீட்டு அக்காவிடம் பாதி விலைக்கு வாங்கியது. பென்சிலில் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் ‘2 மார்க்’, ‘5 மார்க்’ என்று எழுதியே வந்தது. எங்களுக்கும் அதே ஆசிரியர். ‘இங்கிருந்து இதுவரைக்கும்’ என்று அதே இடங்களைத்தான் குறிக்கச் சொன்னார். எல்லாரும் குனிந்து குறிப்பார்கள், நான் சும்மா இருப்பேன். குறிக்கு வெளியே ஒரு வரிகூட அரையாண்டு வரை நான் படித்ததில்லை. கெட்டிக்காரன் என்று பெயர் வேறு.

அப்புறம் அவர் நீண்ட விடுப்பில் போக, ஆறு மாதத்துக்கு ஒரு டீச்சர் வந்தார். இயக்க விதிப் பாடம். ‘புறவிசை செயல்படாத வரையில், ஒரு பொருள் தன் ஓய்வு நிலையிலோ நேர்கோட்டில் சீரான இயக்கத்திலோ தொடர்ந்து இருக்கும்’ என்று கரும்பலகையில் எழுதினார். “இதுல எந்தப் பகுதியை அழிச்சா விதி பொய்யாயிடும்?” என்று கேட்டார். யாருக்கும் வாய் வரவில்லை. அவரும் அவசரப்படவில்லை. கடைசி பெஞ்சில் ஒருத்தி எழுந்து, “மொதப் பகுதி டீச்சர். அதை அழிச்சா உருட்டிவிட்ட பந்து நிக்கவே நிக்காது” என்றாள். “நிக்குதே?” “தரை பிடிச்சு நிறுத்துது டீச்சர்.”

புத்தகத்தை மூடச் சொல்லி, அதை அவரவர் வார்த்தையில் எழுதச் சொன்னார். நான் ‘பந்தைத் தரை பிடித்துக்கொள்கிறது’ என்று எழுதினேன். அடிக்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் ‘உராய்வு’ என்று மட்டும் எழுதினார். அந்தச் சொல் எனக்கு இன்றுவரை மறக்கவில்லை.

டீச்சர், அடைப்புக்குறி போட்டுக் கொடுக்கிற ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைக்காக நீங்கள் வாசித்துவிடுகிறீர்கள். எது முக்கியம் என்று தேடுவதுதானே வாசிப்பு? அதைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு விழிக்கிறான் என்று வருத்தப்படுவது நியாயமா? போர்ஷன் முடியாது என்பீர்கள். முடித்த போர்ஷனில் என்ன தங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மனவரைபடமோ சுருக்கமோ, உங்களுக்கு எது கைவருகிறதோ அதைச் செய்யுங்கள். ஆனால் பிள்ளை தானே யோசித்துச் செய்ய வேண்டும். ஒரு வகுப்பில் ஒரே பிள்ளையின் மனவரைபடத்தை நாற்பது பேர் ஸ்கெட்ச் பேனாவில் பார்த்து வரைந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் ஒரே ஒரு பத்தியைக் குறி போடாமல் விடுங்கள். பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவதை எனக்கு அனுப்புங்கள். எழுத்துப்பிழைகளைத் திருத்த வேண்டாம், அப்படியே வரட்டும்.

அன்புடன்.