ஃப்ளூ ஊசி போடலாமா, வேண்டாமா? மலையகத்துக் கேள்விகளுக்கு ஒரு தாதியின் பதில்கள்

இலங்கை மலையகத்து அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 26 வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். பாதிக் காலம் மகளிர் வார்டில், மீதி கிளினிக்கில். நம் நாட்டில் ஃப்ளூ வருடத்தில் இரண்டு தடவை ஏறும். ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை ஒன்று, நவம்பரிலிருந்து ஜனவரி வரை இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் அதற்குக் கொஞ்சம் முன்னால் எல்லோரும் இந்த ஊசியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் முடிந்தவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி: மிஸ், வீட்டில் ஆறு பேர். அப்பாவுக்கு 71 வயது, பீடி குடித்துக் குடித்து நெஞ்சு கெட்டுவிட்டது. அம்மாவுக்குச் சீனி வருத்தம். மனைவி ஐந்து மாதம். மகனுக்கு மூன்று வயது, தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவுக்குப் போகிறான். அப்புறம் நானும் தங்கச்சியும். இப்போது கையில் இருக்கும் காசுக்கு இரண்டு ஊசிதான் வாங்கலாம். யாருக்குப் போடுவது?

தம்பி, முதல் ஊசி உங்கள் மனைவிக்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிள்ளைத்தாச்சிக்கு ஃப்ளூ வந்தால் மற்றவர்களுக்கு வருவதைப் போல மூன்று நாள் படுத்து எழும்பும் காய்ச்சலாக அது இருப்பதில்லை. வயிறு மேலே தள்ளுவதால் நுரையீரல் விரிய இடம் குறைவு, இதயத்துக்கும் வேலை கூட. என் வார்டுக்கு ஒரு தடவை ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி ஒருத்தியைக் கொண்டுவந்தார்கள். லயத்து வீட்டில் மூன்று நாள் பெனடோல் (பாரசிட்டமோல்) போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நாலாம் நாள் வந்தபோது அவளால் ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியவில்லை. ‘தண்ணி’ என்பாள், மூச்சு வாங்குவாள், பிறகுதான் ‘வேணும்’ என்பாள். ஒக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றவிடாமல் இரவு முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த இரவுக்குப் பிறகு, தெரிந்த எந்தப் பிள்ளைத்தாச்சியைப் பார்த்தாலும் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பிறந்து ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாய்க்குப் போட்டால் அவள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய், அந்த ஆறு மாதத்தில் கொஞ்சக் காலமாவது காப்பாற்றும். ஒரு ஊசியில் இரண்டு உயிர். எத்தனையாவது மாதத்திலும் போடலாம். கிளினிக்கில் உங்கள் மருத்துவிச்சியிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

இரண்டாவது அப்பாவுக்கு. வயதும் நெஞ்சு வருத்தமும் சேர்ந்திருக்கிறது. அடுத்த சம்பளத்தில் அம்மாவுக்குப் போடுங்கள். சீனி உள்ளவர்களை ஃப்ளூ லேசில் விடாது. மகனுக்கும் போட்டால் நல்லது. வீட்டுக்குள் ஃப்ளூவைக் கொண்டுவருவது பெரும்பாலும் பிள்ளைகள்தான். ஆனால் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முதல் தடவை போடும்போது நாலு வாரம் விட்டு இரண்டு ஊசி தேவை, அதற்கும் காசு பாருங்கள். நீங்களும் தங்கச்சியும் கடைசியில் நிற்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒருவர் இருமினால் எல்லோருக்கும்தான். அதனால் உங்களுக்குத் தடிமன் பிடித்தால் மனைவியும் அப்பாவும் படுக்கும் பக்கம் போகாமல் வெளியே இஸ்தோப்பு வராந்தாவில் படுங்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு டீச்சர்: போன வருடம் ஊசி போட்டேன். அப்படியும் டிசம்பரில் காய்ச்சலோடு ஒரு வாரம் படுத்தேன். பிறகு எதற்கு மிஸ் இந்த ஊசி?

உங்கள் கோபம் நியாயமானது டீச்சர். காசைக் கொடுத்துவிட்டுப் படுத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

முதலில், அது ஃப்ளூதானா என்பதே தெரியாது. இருமல் காய்ச்சலைத் தரும் வைரஸ்கள் நிறைய. இந்த ஊசி ஃப்ளூ என்று நாம் சொல்லும் இன்ஃப்ளூவென்சாவுக்கு மட்டும்தான். அதுவும் ஏ வகையில் இரண்டு, பி வகையில் ஒன்று என்று அந்த வருடத்துக்குத் தேர்ந்தெடுத்த மூன்று வைரஸ்களை வைத்துச் செய்தது. அடுத்தது, ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் தொற்றினால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவது, தேர்ந்தெடுத்த வைரஸும் ஊரில் சுற்றும் வைரஸும் நன்றாகப் பொருந்தும் வருடத்தில்கூட, வைத்தியரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம்தான் குறைக்கிறது. நூறு என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

ஆனால், போட்டும் காய்ச்சல் வந்தவர்களில் ஐ.சி.யூ வரை போகிறவர்கள் குறைவு. நான் இந்த ஊசியைக் கேட்பது அதற்காகத்தான். ஆஸ்துமாவோ இதய வருத்தமோ இல்லாத, நாற்பது வயதுக்குள் உள்ள டீச்சர் என்றால், போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ இருந்தால் போடுங்கள்.

ஹட்டனிலிருந்து ஒரு தங்கச்சி: மகளின் கார்டில் ஐந்து நோய்க்கான ஊசியில் ‘இன்ஃப்ளூவென்சா பி’ என்று இருக்கிறது. அப்படியென்றால் அவளுக்கு ஃப்ளூ ஊசி ஏற்கெனவே போட்டாகிவிட்டதா?

இல்லை தங்கச்சி, பெயர் மட்டும்தான் ஒன்று. 2, 4, 6 மாதங்களில் போடும் அந்த ஊசியில் இருப்பது ‘ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூவென்சே பி’ என்ற பாக்டீரியாவுக்கான மருந்து. மூளைக்காய்ச்சல், நியூமோனியாவிலிருந்து பிள்ளையைக் காக்கும். 1892இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஃபைஃபர் ஃப்ளூ நோயாளிகளின் சளியில் இந்தப் பாக்டீரியாவைப் பார்த்துவிட்டு, ஃப்ளூவுக்குக் காரணமே இதுதான் என்று நினைத்தார். உண்மையான காரணம் ஒரு வைரஸ் என்று 1933இல் லண்டனில் கண்டுபிடிக்கும்போது பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கிளினிக்கில் இந்தக் குழப்பத்தை நான் எத்தனையோ தாய்மாரிடம் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்கு ஃப்ளூ ஊசி தனியாகத்தான் போட வேண்டும்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் ஐயா: தோட்டத்து டிஸ்பென்சரியில் இலவசமாகக் கிடைக்குமா?

அரசாங்கத்தின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இது இல்லை ஐயா. தனியார் ஆஸ்பத்திரியிலும் டவுன் வைத்தியர்களிடமும் காசுக்குத்தான். ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, கிடைக்கும் சம்பளத்தைத் தாண்டும். மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது பெரிய காசு, அது எனக்கு மனவருத்தம்தான். தோட்டத்தில் நலன்புரிக்குப் பொறுப்பானவரிடமும் சங்கத்துத் தலைவரிடமும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் நெஞ்சு வருத்தக்காரர்களுக்குமாவது ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் ஒன்றும் நடக்காது.

நுவரெலியாவிலிருந்து ஒரு தம்பி: டவுன் பார்மசியில் வாங்கி, தோட்டத்தில் எங்கள் டாக்டரிடம் கொண்டுபோய்ப் போடலாமா? பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். இங்கே குளிர்தானே?

இந்தக் குளிர் போதாது தம்பி. ஊசி மருந்து 2க்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவில். நமக்குக் கம்பளி தேவைப்படும் குளிர், மருந்துக்கு வெயில்.

எனக்கே ஒரு தடவை நடந்தது. ஒரு பார்மசியில் மாமியாருக்கு வாங்கியபோது, சும்மா ஒரு ஷொப்பிங் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஐஸ் கேட்டதற்கு, உறைபெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து மருந்துப் பெட்டிமேல் அப்படியே வைத்தார் அந்தப் பையன். அது இன்னும் மோசம். இந்த மருந்து உறைந்தால் செத்துவிடும், பிறகு உருகினாலும் பிரயோசனம் இல்லை. பார்வைக்கு வித்தியாசமும் தெரியாது. நான் வாங்காமல் திரும்பிவிட்டேன்.

முடிந்தவரை மருந்து இருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் மூடியுள்ள ஐஸ் பெட்டி, ஐஸ் பக், நடுவில் துணி அல்லது கடதாசி. மருந்து ஐஸில் நேரே முட்டக் கூடாது.

பதுளையிலிருந்து ஓர் அக்கா: எந்த மாதத்தில் போட வேண்டும்?

மார்ச் கடைசியில், அல்லது ஒக்டோபரில். உலக சுகாதார அமைப்பு வருடத்தில் இரண்டு தடவை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், ஊசியில் எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்று அறிவிக்கும். ஒன்று வட அரைக்கோளத்துக்கு, ஒன்று தென் அரைக்கோளத்துக்கு. நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் எதுவும் சரி. புதியதாக வந்தது எது என்று கேட்டு, பெட்டியில் ஆண்டையும் காலாவதித் திகதியையும் பாருங்கள். மாதம் தப்பிவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியாவில் கூட்டம் சேர்ந்த பிறகு போட்டாலும் பிரயோசனம் உண்டு.

பொகவந்தலாவையிலிருந்து ஓர் அக்கா: போட்டால் மறுநாள் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகலாமா? அரைப்பேர் போனாலும் கஷ்டம் மிஸ்.

போகலாம் அக்கா. மருந்து அரை மில்லிலீட்டர்தான், தோளுக்குக் கீழே சதையில் போடுவார்கள். சிலருக்கு அந்த இடம் ஒன்று இரண்டு நாள் வலிக்கும், சிலருக்கு லேசாக உடம்பு காயும். உள்ளே இருப்பது செத்த வைரஸ், அதனால் ஊசியால் ஃப்ளூ வராது. கொழுந்து எடுக்க இரண்டு கையும் வேண்டும், அதனால் சனிக்கிழமை பின்னேரம் போட்டுவிட்டு ஞாயிறு கையை ஆறவிடுங்கள். போட்டதும் 20 நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். எப்போதாவது ஒருவருக்கு ஒவ்வாமை வந்தால் கவனிக்க ஆள் இருக்கும்.

ஹப்புத்தளையிலிருந்து: முட்டை சாப்பிட்டால் எனக்கு உடம்பெல்லாம் தடிக்கும். இந்த மருந்தைக் கோழி முட்டையில் செய்கிறார்களாமே?

உண்மைதான், பெரும்பாலும் முட்டையில்தான் வளர்க்கிறார்கள். ஆனாலும் முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் போடலாம் என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. ஊசி போடும் முன் சொல்லிவிடுங்கள். முன்பு ஃப்ளூ ஊசிக்கே மூச்சுத் திணறல் வந்தவர்கள்தான் வைத்தியரைக் கேட்காமல் போடக் கூடாது.

கினிகத்தேனையிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். இப்போது ஊசி போடலாமா? கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறேன்.

இப்போது வேண்டாம், காய்ச்சல் முழுசாக ஆறட்டும். கொத்தமல்லி கொடுங்கள், தொண்டைக்கு இதம், தண்ணீரும் உள்ளே போகும். ஆனால் அதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். மழைக் காலத்துக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், அதற்கு இந்த ஊசி உதவாது. பெனடோல் மட்டும், நிறைக்கு ஏற்ற அளவில், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. டிஸ்பிரின் (அஸ்பிரின்), புரூஃபன், டைக்ளோஃபெனக் எதுவும் கொடுக்கவே கூடாது. டெங்கு என்றால் இரத்தம் கசியும், ஃப்ளூ என்றாலும் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் ஆபத்து. மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும். மூச்சு வாங்கினாலோ, குடிக்க மறுத்தாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கினாலோ இரவு என்று பார்க்காமல் 1990ஐக் கூப்பிடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

கம்பளையிலிருந்து ஒரு நானா: உம்ராவுக்குப் போகிறோம். ஃப்ளூ ஊசியும் வேண்டுமா?

மூளைக்காய்ச்சலைத் தடுக்கும் மெனிங்கோகோக்கல் ஊசி கட்டாயம், பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பு. அத்தனை சனக் கூட்டத்துக்குள் போவதால் ஃப்ளூ ஊசியையும் இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில், வேறு வேறு கையில் போடலாம்.

கொட்டகலையிலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 68, போன வருடம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தது. ‘நெஞ்சுக்குத்தான் மருந்து குடிக்கிறேனே, தடிமனுக்கு எதற்கு ஊசி’ என்கிறார். இரத்தம் உறையாமல் இருக்கவும் மாத்திரை எடுக்கிறார்.

மகளே, இந்த ஊசி அவர் நெஞ்சுக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லுங்கள். கனடாவில் செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், ஃப்ளூ என்று உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு அளவில் இருந்தது. 2021இல் வந்த இன்னொரு ஆய்வில், மாரடைப்போடு ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு அங்கேயே ஃப்ளூ ஊசி போட்டார்கள். அடுத்த ஒரு வருடத்தில் அவர்களில் இறந்தவர்கள், வெறும் உப்புத் தண்ணீர் ஊசி போட்டவர்களைவிடக் குறைவு.

மாத்திரையை நிறுத்த வேண்டாம். ஊசி போடுபவரிடம் சொன்னால் மெல்லிய ஊசியால் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடிப்பார். தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படியும் அப்பா கேட்கவில்லை என்றால், அடுத்த இதய கிளினிக்குக்கு நீங்களும் கூடவே போய், அவர் முன்னாலேயே டாக்டரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். மகள் சொல்லிக் கேட்காத அப்பாமார் டாக்டர் சொன்னதும் அங்கேயே சட்டைக் கையை மடிப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.