ஒன்றும் விசேடமில்லாத நாளுக்குப் பத்து நிமிட 'இன்றைய நாள்' நிகழ்ச்சி தயாரிப்பது எப்படி?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் மூத்தோர் கூடும் பகல்நேர நிலையமொன்றில் பின்னேரத் தேநீருக்கு முன் தினமும் பத்து நிமிடம் 'இன்றைய நாள்' நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் பகிடி, ஒரு பாட்டு. பொங்கல், தீபாவளி என்றால் சமாளிக்கலாம். ஒன்றுமே இல்லாத செவ்வாய்க்கிழமைக்கு என்ன செய்வது?

பதில்:

இணையத்தில் கிடைக்கும் 'வரலாற்றில் இன்று' பட்டியலை வாசிக்கும் எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பத்து அரசர்கள், நாலு போர்கள், மூன்று விஞ்ஞானிகள் என்று ஒப்பித்தால் ஐந்தாவது வரியிலேயே ஆட்கள் தேநீர் வருகிறதா என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு நாளுக்கு ஒரு சம்பவம் போதும். அந்தச் சம்பவத்துக்குள்ளேயே பகிடி இருக்க வேண்டும், பாட்டும் அதிலிருந்தே வர வேண்டும். மூன்றையும் தனித்தனியாகத் தேடி ஒட்டினால் ஒட்டு தெரியும்.

ஒக்டோபர் 26ஐ எடுத்துக்கொள்வோம். நிலையான பண்டிகை எதுவும் இல்லாத நாள். ஆனால் 1996இல் அந்த நாளில் இலங்கை முழுக்கக் கடிகாரத்தைத் திருப்பினார்கள். அந்த வருடம் மழை பொய்த்து மின்சாரத் தட்டுப்பாடு. பகல் வெளிச்சத்தைப் பயன்படுத்தலாம் என்று மே 25ஆம் திகதி நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். பிள்ளைகள் இருட்டோடு பாடசாலைக்குப் புறப்பட வேண்டி வந்தது. ஒக்டோபர் 26 அதிகாலை 12.30 ஆனதும் முள்ளை மறுபடி 12க்கு இழுத்து, அரை மணித்தியாலத்தை மட்டும் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் கைக்கு வர 2006 ஏப்ரல் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் வன்னியில் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரமே நடந்தது. 'பழைய நேரமா, புது நேரமா?' என்று கேட்காமல் யாரும் எந்த நிகழ்வுக்கும் புறப்படவில்லை.

பகிடியை வெளியில் தேட வேண்டியதில்லை. அன்றிரவு 12க்கும் 12.30க்கும் இடைப்பட்ட அரை மணித்தியாலம் இரண்டு தரம் வந்தது. இரட்டைப் பிள்ளைகளில் முதலாவது 12.20க்குப் பிறக்கிறது, மற்றது கால் மணித்தியாலம் கழித்துப் பிறக்கிறது என்று வையுங்கள். கடிகாரத்தில் அப்போது 12.05. சாதகத்தில் தம்பிதான் அண்ணன்! இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், விளக்க வேண்டாம். கூட்டத்தில் சாதகம் பார்க்கத் தெரிந்த ஒருவர் நிச்சயம் இருப்பார். 1996 ஒக்டோபருக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் பிறந்தவர்களுக்குப் பிறந்த நேரத்தில் அரை மணித்தியாலத்தைக் குறைத்துத்தான் கணிக்க வேண்டும் என்று அவரே மிச்சத்தைச் சொல்வார். அவருக்கு இரண்டு நிமிடம் விட்டுவைத்திருங்கள்.

பாட்டுக்கு, நிகழ்ச்சி தொடங்கும்போதே ஒன்றும் சொல்லாமல் நாதஸ்வரத்தில் பூபாளம் ஒரு நிமிடம் போடுங்கள். விடியற்கால இராகம் அது. பின்னேரம் நாலு மணிக்குப் பூபாளமா என்று யாராவது முகத்தைச் சுளித்தால் வாசல் திறந்துவிட்டது, 'நேரம் மாறிப்போச்சு' என்று கதையை ஆரம்பிக்கலாம். ஒருவரும் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். கடைசியில் விடியலையோ நேரத்தையோ பாடும் பழைய திரைப்பாட்டொன்று.

கணக்கு இப்படி வரும்: தொடக்க இசை ஒரு நிமிடம், கதை நாலு, கூட்டத்தின் பேச்சு இரண்டு, பாட்டு மூன்று. மூத்தோருக்குப் பேசும்போது நிமிடத்துக்கு 90 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஆகவே கதை 350 சொல்லுக்குள். மனதுக்குள் வாசித்து நேரம் பார்த்தால் எப்போதும் குறைவாகவே காட்டும், வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

குறிப்பிட்ட திகதியில் ஒன்றும் சிக்காவிட்டால் 'இந்தக் கிழமையில்' என்று மூன்று நாள் முன்பின் போகலாம், அதில் ஏமாற்று இல்லை. தேட இடமா இல்லை: பழைய பத்திரிகைகளுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம், வெள்ளவத்தையிலேயே கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம், இன்னும் ஆழமாகப் போக வேண்டுமென்றால் தேசிய சுவடிகள் திணைக்களம். வீரகேசரி 1930இலிருந்து வருகிறது. பழைய இதழ் கையில் கிடைத்தால் முதற்பக்கத்தை விட்டுவிட்டு விளம்பரப் பக்கத்துக்குப் போங்கள். எந்தத் தியேட்டரில் என்ன படம், சவர்க்காரம் என்ன விலை என்பவைதான் ஆட்களைப் பேச வைக்கும். 1899 முதல் 1960 வரை கொழும்பில் ஓடிய டிராம் வண்டி ஒன்றே ஒரு கிழமைக்குத் தாங்கும்.

திகதியில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. நள்ளிரவு தாண்டிய மரணங்கள் முதலாவது: பாரதி நினைவு நாளைப் பலர் செப்டெம்பர் 11 என்கிறார்கள், உயிர் பிரிந்தது 1921 செப்டெம்பர் 12 அதிகாலை. அடுத்தது நாட்டு நேரம். மனிதன் நிலவில் கால் வைத்தது ஜூலை 20 என்று எல்லாப் பட்டியலும் சொல்லும். அது அமெரிக்கக் கணக்கு. கொழும்பில் அப்போது 1969 ஜூலை 21 திங்கட்கிழமை காலை 8.26. சிறிமாவோ பண்டாரநாயக்க 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரானதும் ஒரு ஜூலை 21தான், ஆகவே அந்த நாளைச் சும்மா விடாதீர்கள். திதியில் வருபவை இன்னொரு வகை: தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6, ஆராதனை பகுள பஞ்சமியில் (தேய்பிறையின் ஐந்தாம் நாள்), வருடத்துக்கு வருடம் நகரும். ஜனவரி 6 ஏ. ஆர். ரகுமான் பிறந்த நாளும்கூட (1967). ஒரு கீர்த்தனை, ஒரு திரைப்பாட்டு என்று அன்றைய பாட்டு வேலை தானாக முடிந்துவிடும்.

இலங்கைக்கே உரிய பொறி ஒன்று இருக்கிறது. 1966 முதல் 1971 வரை இங்கே சனி, ஞாயிறு வார விடுமுறை இல்லை, பௌர்ணமி, அமாவாசை போன்ற போயா நாட்களை ஒட்டித்தான் விடுமுறை. '1968இல் ஒரு ஞாயிறு, லீவு நாள், குடும்பமாகக் காலிமுகத்திடலுக்குப் போனார்கள்' என்று கதை கட்டினால் எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் அந்த இடத்திலேயே பிடித்துவிடுவார். அந்த வார விடுமுறையே ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் போதும் என்பது வேறு கதை.

பகிடியில் ஒரு கட்டுப்பாடு. வெள்ளவத்தைக் கூட்டத்தில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம், முஸ்லிம் குடும்பங்கள் என்று எல்லாரும் இருப்பார்கள். ஊர்ப் பேச்சை நக்கலடிப்பது ஒரு தரம் சிரிப்பு, பிறகு மனத்தாங்கல். அரசாங்கம், கடிகாரம், பஸ் இவற்றைக் கிண்டலடியுங்கள். 1983 கலவர நினைவு வரும் ஜூலை கடைசிக் கிழமையிலும், யாழ்ப்பாண நூலகம் எரிந்த நினைவு வரும் ஜூன் முதலாம் திகதியிலும் பகிடியே வேண்டாம். வீணை அல்லது புல்லாங்குழல் மட்டும் போட்டு, பேச விரும்புபவரைப் பேச விடுங்கள்.

ஒலி விஷயத்தில்தான் அதிகம் கெட்டுப்போகும். பேச்சுக்குப் பின்னால் இசை ஓட விடாதீர்கள். வயதானால் காது முதலில் இழப்பது கூரிய ஒலிகளை, இசையும் சேர்ந்தால் ச, த, ப எல்லாம் ஒன்றாகிவிடும். ஸ்பீக்கரைத் தரையில் வைக்காமல், அமர்ந்திருப்பவர்களின் காது உயரத்தில், மின்விசிறிக்குத் தள்ளி வையுங்கள். பாட்டை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துவிட்டு, போனை விமானப் பயன்முறையில் போட்டுப் புளூடூத்தை மட்டும் திறவுங்கள். இல்லாவிட்டால் சரணத்தின் நடுவில் மருமகனின் அழைப்பு மண்டபம் முழுக்கக் கேட்கும். யூடியூப்பில் நேரே போட்டால் பல்லவிக்கு முன் சவர்க்கார விளம்பரம் வரும், அது 1960ஆம் ஆண்டுச் சவர்க்காரமாகவும் இருக்காது. பழைய பாட்டுகள் பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் முடிவது 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடித்ததால். ஆகவே வெட்டாமல் முழுதாகப் போடலாம். பல்லவியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்தால் சேர்ந்து பாடுவார்கள்.

பேஸ்புக்கில் நேரலை போடச் சொல்லி யாராவது நிற்பார்கள். கதை முடிந்ததும் நேரலையை நிறுத்திவிட்டுப் பாட்டைப் போடுங்கள். பதிப்புரிமையுள்ள ஒலிப்பதிவு கேட்டால் பேஸ்புக் தானாகவே சத்தத்தை வெட்டிவிடும், சில வேளை முழுக் காணொளியையும் தூக்கிவிடும்.