பேர் ஒன்று, படம் வேறு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆயா 'எதிர்நீச்சல்' பார்க்க வேண்டும் என்கிறார்கள். பழைய நாகேஷ் பயாஸ்கோப்பாம். தேடினால் முதலில் சீரியல் வருகிறது, அடுத்து சிவகார்த்திகேயன் வருகிறார். மூன்றும் ஒரே கதையா?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: பேரைத் தவிர மூன்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆயா கேட்பது 1968இல் கே. பாலசந்தர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒண்டிக்கொண்டு, எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்தபடி படிக்கும் அநாதைப் பையன் 'மாடிப்படி மாது'தான் நாகேஷ். 2013 படம், பேரை மாற்றிக்கொண்டு மாரத்தான் ஓடுகிறவனைப் பற்றியது. சன் டிவி சீரியல் 2022இல் தொடங்கியது. மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரனின் பிடியில் இருக்கும் வீட்டுப் பெண்களின் கதை. அது முடிந்ததும் 2024 டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' வேறு வந்துவிட்டது. தேடுகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

பேரோடு '1968', 'நாகேஷ்' இரண்டையும் சேர்த்து அடியுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரே சொல்லாக ஒரு தரம், இரண்டாகப் பிரித்து ஒரு தரம். பிறகு நீளத்தைப் பாருங்கள்: இருபது நிமிடச் சொச்சம் என்றால் பெரும்பாலும் சீரியல், இரண்டரை மணி நேரத்துப் பக்கம் என்றால் படம். பழைய படங்களைச் சிலர் துண்டு துண்டாக நறுக்கிப் போடுவதால் நீளத்தை மட்டும் நம்பக் கூடாது. முழுப் படமாக இருந்தால் ஆரம்பத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நிறுத்திப் பாருங்கள். பேர், மொழி, நீளம், தேதி எல்லாம் அதிலேயே இருக்கும்.

கேள்வி: மணிரத்னத்தின் 'கடல்' கேட்டால் 'காதல்' வருகிறதே?
- வாசகர், டோங்காட்

பதில்: ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது குறிலும் நெடிலும் கலந்துபோகும், ட-வும் த-வும் இடம் மாறும். 'கடல்' 2013, 'காதல்' 2004, பாலாஜி சக்திவேல் இயக்கி பரத் நடித்தது. போனில் தமிழ்க் கீபோர்டு போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும். ரிமோட்டில் அது முடியாதென்றால் இயக்குநர் பேரைப் போட்டுத் தேடுங்கள்.

கேள்வி: ரஜினி படப் பேர்களிலேயே தனுஷ் நடித்திருக்கிறார். எல்லாம் ரீமேக்கா? பேரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகர், பீனிக்ஸ்

பதில்: 'மாப்பிள்ளை' ரீமேக்தான். 1989இல் ஸ்ரீவித்யா செய்த மாமியார் வேடத்தை 2011இல் மனிஷா கொய்ராலா செய்தார். 'பொல்லாதவன்' அப்படியில்லை. 1980 படம் கன்னடத்திலிருந்து வந்தது. 2007இல் வெற்றிமாறன் எடுத்தது பைக் திருடுபோன பையனின் கதை. 1985, 2009 'படிக்காதவன்' இரண்டும் வேறு வேறு. அஜித்தின் 'பில்லா' (2007) ரஜினியின் 1980 படத்தைத் தழுவியது. இரண்டுக்கும் வேர் 1978 இந்தி 'டான்'. கமலின் 'விக்ரம்' 1986, 2022 இரண்டிலும் வந்தாலும் பின்னது முன்னதன் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. காசு கட்டிப் பார்ப்பதற்கு முன் கதைச் சுருக்கத்தின் முதல் இரண்டு வரியையாவது படித்துவிடுங்கள்.

வெறும் தலைப்புக்கு இந்தியாவில் காப்புரிமை கிடையாது. 'தேசி பாய்ஸ்' என்ற இந்திப் படத்தின் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. தலைப்பைப் பதிவு செய்வதெல்லாம் தயாரிப்பாளர் சங்கங்களின் ஏற்பாடு. தமிழில் பேர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006இல் தமிழ்நாடு அரசு அறிவித்தபின், மக்கள் வாயில் புழங்கிய பழைய தமிழ்ப் பேர்களுக்கு மவுசு கூடியதில் வியப்பில்லை.

கேள்வி: டிவி அட்டவணையில் 'ராஜா ராணி' என்று மட்டும் போட்டிருக்கிறது. எது?
- வாசகி, லெனேஷியா

பதில்: 1956இல் சிவாஜி, பத்மினி நடித்த படம் உண்டு, 2013இல் அட்லீ படம் உண்டு, 2017இல் விஜய் டிவி சீரியலும் உண்டு. 'சித்தி', 'வாணி ராணி', 'மௌன ராகம்' எல்லாவற்றுக்கும் இதே பாடுதான், படமும் உண்டு சீரியலும் உண்டு. அட்டவணையில் அரை மணிக் கட்டமா, மூன்று மணிக் கட்டமா என்று பாருங்கள். இந்திய நேரம் போட்டிருந்தால் மூன்றரை மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள். அங்கே இரவு ஒன்பதரை என்றால் இங்கே தென்னாப்பிரிக்காவில் மாலை ஆறு.