மாதிரியை அனுப்பும் முன் பேசி முடிக்க வேண்டியவை

கேள்வி: வெளுப்புக்குப் பின் துணியில் தங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை, சூடான காரநீரிலேயே சிதைக்கும் நொதி ஒன்றை எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கண்டறிந்திருக்கிறோம். சாய ஆலை ஒன்று மாதிரி கேட்கிறது. சேர்ந்து தொழில் தொடங்கலாம் என்றும் சொல்கிறது. எதை முதலில் செய்ய வேண்டும்?

பதில்: மாதிரியை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். பல்கலைக்கழக ஆய்வில் பிறந்த கண்டுபிடிப்பு பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்கே உரியது என்பதால், முதலில் அதன் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்தை அணுகி, காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். கட்டுரை, மாநாட்டு உரை எல்லாம் அதற்குப் பிறகுதான். அமெரிக்க விஞ்ஞானிகள் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும், ஓர் உயிரின் மரபணுவை இன்னொன்றில் இணைக்கும் மரபணு மறுசேர்க்கை முறையை 1973-இல் கட்டுரையாக வெளியிட்ட பின், 1974 நவம்பரில்தான் விண்ணப்பித்தார்கள். அமெரிக்கச் சட்டம் ஓராண்டு அவகாசம் தந்ததால் அங்கே உரிமை கிடைத்தது, மற்ற நாடுகளில் அது கைநழுவியது.

அடுத்து, மாதிரியை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்தான பின், மாதிரியைக் கொடுப்பதோடு நிற்காமல் ஆலையின் வெளுப்புத் தொட்டி நீரைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் குடுவையில் தூய பெராக்சைடு மட்டுமே இருந்திருக்கும். தொட்டியிலோ நிலைப்படுத்திகளும் ஈரமூட்டிகளும் பஞ்சிலிருந்து கரைந்த கழிவும் கலந்திருக்கும். பெராக்சைடைச் சிதைக்க வழக்கமாகப் பயன்படும் கேட்டலேஸ் நொதிக்காகத் தொட்டியைக் குளிரவைத்துக் காரத்தையும் குறைக்க வேண்டியிருக்கிறது. உங்கள் நொதி அந்த இரண்டு படிகளையும் தவிர்த்தால் எவ்வளவு நீரும் நேரமும் மிச்சமாகும், பெராக்சைடு எஞ்சி நின்று சாயம் திட்டுத்திட்டாகப் படிவது எவ்வளவு குறையும் என்பதை அளந்து எழுதி வையுங்கள். தொழிலின் மதிப்பு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. நொதியின் வீரியத்தைக் காட்டும் வரைபடம் ஆலைக்காரருக்குப் பயன்படாது.

சாய ஆலையால் நொதியை உற்பத்தி செய்ய முடியாது, உங்களாலும் முடியாது. நொதியைத் தரும் நுண்ணுயிர் குடுவையில் செழித்திருந்தாலும், அதை வளர்க்கும் பெரிய நொதிக்கலனில் ஆக்சிஜன் போதாமலும் வெப்பம் வெளியேறாமலும் தளர்ந்துவிடக்கூடும். ஆகவே நொதி உற்பத்தியாளர் ஒருவரை மூன்றாம் கூட்டாளியாகத் தொடக்கத்திலேயே சேருங்கள்.

மூவர் சேர்ந்ததும் பேச்சு பங்குவிகிதத்துக்குத் தாவும். அதைவிட முக்கியமானது, யாருக்கு எந்தப் பயன்பாட்டில் உரிமை என்பதுதான். மலேரியா மருந்தான ஆர்டிமிசினினாக மாற்றப்படும் அமிலத்தை ஈஸ்ட்டில் தயாரிக்கும் ஆய்வை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் உள்ள ஜே கீஸ்லிங்கின் ஆய்வகம், அமிரிஸ் என்ற புதிய நிறுவனம், ஒன்வேர்ல்ட் ஹெல்த் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு ஆகிய மூன்றும் கேட்ஸ் அறக்கட்டளையின் நிதியுடன் 2004 முதல் முன்னெடுத்தன. வளரும் நாடுகளுக்கான மலேரியா மருந்துக்கு ராயல்டி வாங்குவதில்லை என்று பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அமிரிஸ் தன் தொழில்நுட்பத்தை எரிபொருள், அழகுப்பொருள் பக்கம் கொண்டுசென்றது. உற்பத்தியை ஏற்ற மருந்து நிறுவனமான சனோஃபி 2013-இல் பணியைத் தொடங்கினாலும், செடியிலிருந்து எடுக்கப்படும் ஆர்டிமிசினின் மலிவாகிவிட்டதால் ஈஸ்ட் வழி போட்டியில் நிற்கவில்லை. செவ்வையாக அமைந்த கூட்டணிக்கே இந்த நிலை என்பதால், இன்று ஆலை செலவிடும் தொகையோடு உங்கள் நொதியின் விலையை ஒப்பிடும் வேலையைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள்.

நொதியை வேறு எவருக்கும் தராமல் தனக்கு மட்டுமே தரும் தனியுரிமையை ஆலை கேட்டால், சாயத் தொழிலுக்கு மட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுங்கள். உணவு, காகிதம் போன்ற பிற துறைகளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய தேதிக்குள் ஆலை அளவிலான சோதனையை அவர்கள் நடத்தாவிட்டால் தனியுரிமை தானாகவே முடிவுக்கு வர வேண்டும். நொதியில் பின்னர் செய்யப்படும் மேம்பாடு எவருடையது என்பதையும் அதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.