டிசெபிலிட்டி பென்ஷனுக்காக (பணியால் வந்த ஊனத்துக்கோ நோய்க்கோ தரும் ஓய்வூதியம்) வருடக்கணக்கில் வழக்கு நடத்தும் முன்னாள் ராணுவத்தினருக்கு எந்த மாதிரிப் பண உதவி நியாயம்? வரப்போகும் அரியரை நம்பிக் கடன் வாங்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில்: வாங்காதீர்கள். 1871ஆம் வருட ஓய்வூதியச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, இனிமேல் வரவேண்டிய பென்ஷனை யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. கொடுத்தாலும் செல்லாது. வட்டிக்காரருக்கும் இது தெரியும். அதனால்தான் பத்திரம் கேட்காமல் ஏடிஎம் கார்டைக் கேட்கிறார். என்னோடு யூனிட்டில் இருந்த ஒரு நாயக்கின் (சிப்பாய்க்கு மேலான பதவி அது) கார்டு இரண்டு வருடம் இன்னொருவர் சட்டைப் பையில் கிடந்தது.

அவர் 17 வருட சர்வீஸ் முடித்து ரத்தக் கொதிப்போடு வெளியே வந்தவர். மெடிக்கல் போர்டு ஊனம் 30 சதவீதம் என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே 'நானா' என்று போட்டது. பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது. அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "நானாவா வரவழைச்சுக்கிட்டேன்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இத்தனைக்கும் சட்டம் இதில் வீரர் பக்கம்தான். சேரும்போது எந்த நோயும் குறிக்கப்படவில்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே முதலில் கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது அரசின் பொறுப்பு என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே நீதிமன்றத்தின் 2014 ராம் அவதார் தீர்ப்புக்குப் பிறகு 30 சதவீதத்தை 50ஆக உயர்த்திக் கணக்கிட வேண்டும். ஆனாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கோர்ட் படியேற வேண்டியிருக்கிறது.

சரி, பணக்கணக்கு. 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். சம்பளம் 40,000 ரூபாய், ஊனம் 50 சதவீதம் என்றால் மாதம் 6,000, அகவிலைப்படி தனி. இந்த 6,000க்காக ஒவ்வொரு வாய்தாவுக்கும் ரயில், தங்கல், சாப்பாடு, வக்கீல் குமாஸ்தா. பணம் சேரட்டும், அப்புறம் வழக்குப் போடலாம் என்று தள்ளிப்போட்டால் அதுவும் நஷ்டம். தர்சேம் சிங் என்ற வீரர் 1983இல் வெளியே வந்தார், 1999இல் வழக்குப் போட்டார். வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 வருட அரியர்தான் என்று 2008இல் தீர்ப்பானது. அதைக் காட்டியே அப்புறம் எத்தனையோ பேருக்கு அரியரைக் குறைத்தார்கள். கையில் காசில்லாததற்கு அபராதம் மாதிரி இருக்கிறது இது.

அதனால் என் பதில்: கடனும் வேண்டாம், நன்கொடையும் வேண்டாம், வீரருக்கு வரவேண்டிய பணத்திலேயே ஒரு பகுதியை முன்னால் கொடுங்கள். 30 சதவீத ஊனம் என்பதை அரசின் மருத்துவர்களே எழுதிவிட்டார்கள், காரணம் எது என்பதில்தான் சண்டை. அப்படியானால் வழக்கு முடியும்வரை பாதியாவது மாதாமாதம் போகட்டும். இந்த வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் ஜெயித்துவிட்டால் முழுத்தொகையும் அந்த மாதமே தொடங்கட்டும், மேல்முறையீடு அதன் பாட்டுக்கு நடக்கட்டும். இப்போது என்ன நடக்கிறது? ஜெயித்த பிறகும் உத்தரவை அமல்படுத்தச் சொல்லி இன்னொரு மனு. என் நண்பரும் போட்டார்.

இலவச வக்கீலுக்கு இன்று வழி இருக்கிறது. 1987ஆம் வருடச் சட்ட உதவிச் சட்டத்தில் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, ஆகவே வீரரின் விதவை தயங்காமல் கேட்கலாம். 2025 ஜூலையில் தேசிய சட்டப் பணிகள் ஆணையம் வீரர் குடும்பங்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கி, முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் சட்ட உதவி மையம் வைக்கச் சொன்னது. போய்க் கேளுங்கள். ரயில் டிக்கெட்டை மட்டும் யாரும் தருவதில்லை. அதையும் சேர்த்திருக்கலாம்.

கார்டு ஏற்கெனவே அடுத்தவர் கையில் இருந்தால், இன்றைக்கே வங்கியில் சொல்லி முடக்கிப் புதுசு வாங்குங்கள். வாங்கிய கடனை வேறு வழியில் அடைத்துக்கொள்ளலாம். வட்டிக்காரர் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும்.