ஸ்விட்சர்லாந்தில் ஆறு நாள்: முழுப் பாஸ் எடுப்பதா, அரைக்கட்டணக் கார்டா?

கேள்வி: ஜூன் மாதம் குடும்பத்தோடு ஸ்விட்சர்லாந்து போகிறோம். நான், மனைவி, 8 மற்றும் 13 வயதில் இரண்டு பிள்ளைகள், 70 வயதில் அப்பா. லூசெர்னில் மூன்று இரவு, இன்டர்லாக்கனில் மூன்று இரவு. யுங்ஃப்ராயோக் பனிமலைக்குப் போயே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். ஆறு நாள் ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்துவிட்டால் எல்லாமே இலவசம் என்கிறார் ஏஜென்ட். உண்மையா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: எல்லாமே இலவசம் இல்லை. ரயில், பஸ், ஏரிப் படகு, நகரப் பஸ், ஏராளமான அருங்காட்சியகங்கள் எல்லாம் அந்தப் பாஸில் அடக்கம். ஆனால் உங்கள் பயணத்தில் பெரிய செலவு மலை உச்சிக்குப் போகும் டிக்கெட்தான். யுங்ஃப்ராயோக்குக்குப் பாஸ் செல்லுபடியாவது கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கன் வரைக்கும்தான். அதற்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. ஸ்விஸ் ஹாஃப் ஃபேர் கார்டு என்ற அரைக்கட்டணக் கார்டு வைத்திருப்பவருக்கோ அதே மலைக்குப் பாதிக் கட்டணம். இந்தக் கார்டின் விலை பாஸைவிட மிகக் குறைவு, ஒரு மாதம் செல்லும். டிட்லிஸ், பிலாட்டுஸ் மலைகளுக்கு இரண்டில் எது இருந்தாலும் பாதிதான். ரிகி, ஸ்டான்செர்ஹார்ன், ஷ்டூஸ் மலைகளுக்குத்தான் பாஸ் முழுதாக உதவும்.

அதனால் முதலில் நாள்வாரியாக எங்கே போகிறீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஸ்விஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் ஒவ்வொரு பயணத்தையும் ஹாஃப் ஃபேர் கட்டணத்தில் பார்த்துக் கூட்டுங்கள். கார்டின் விலையையும் சேர்த்த பிறகு பாஸைவிடக் குறைவாக வந்தால் கார்டு போதும். யுங்ஃப்ராயோக், டிட்லிஸ் இரண்டும் வைத்து, மற்ற நாட்களில் அக்கம்பக்கத்திலேயே சுற்றினால் பெரும்பாலும் கார்டுதான் லாபம். தினமும் ஊர் ஊராக ரயிலில் போய், படகும் ஏறி, ரிகியும் பார்ப்பவர்களுக்குப் பாஸ் நல்லது.

ஏஜென்ட்கள் அவ்வளவாகச் சொல்லாத ஒன்று: பெரியவர்கள் மூவரும் ஒரே வகை வாங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உச்சிக்குப் போகிறவர் கார்டும், கீழேயே சுற்றுகிறவர் பாஸும் எடுக்கலாம். பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஸ்விஸ் ஃபேமிலி கார்டைக் கேட்டு வாங்குங்கள். 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெற்றோரில் ஒருவரோடு சேர்ந்து போனால் அவர்களுக்குப் பெரும்பாலான தடங்களில் கட்டணமில்லை. பாஸ், ஹாஃப் ஃபேர் இரண்டுக்குமே இது உண்டு.

அப்பாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. யுங்ஃப்ராயோக் 3,454 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருக்கும், கொஞ்ச தூரம் வேகமாக நடந்தாலே இளைப்பு வாங்கும். இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் டிக்கெட் வாங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. பிள்ளைகளோடு உங்களில் ஒருவர் மேலே போகட்டும். இன்னொருவர் அப்பாவோடு லவுட்டர்ப்ருன்னென் பள்ளத்தாக்கில் இருக்கலாம். கிட்டத்தட்ட 300 மீட்டர் பாறையிலிருந்து விழும் ஷ்டௌப்பாக் அருவி ஊரிலிருந்தே தெரியும்.

அப்பாவுக்காகவே ஒரு நாளை ரிகிக்கு ஒதுக்கச் சொல்வேன். லூசெர்னில் படகு ஏறி விட்ஸ்னாவ் போய், அங்கிருந்து பல்சக்கர ரயிலில் 1,798 மீட்டர் உச்சிக்குப் பக்கத்திலேயே போய்விடலாம். 1871-இல் ஓடத் தொடங்கிய இதுதான் ஐரோப்பாவின் முதல் மலைப் பல்சக்கர ரயில். இறங்கும்போது வழியில் உள்ள ரிகி கால்ட்பாடிலிருந்து கேபிள் காரில் வெகிஸ் வந்து, படகிலேயே திரும்பலாம். மேலேறும் சிரமம் அதிகமில்லை, பாஸ் இருந்தால் இத்தனையும் அதிலேயே அடக்கம். முதல்முறை போகிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல நாள் அமையாது என்பது என் உறுதியான எண்ணம்.

யுங்ஃப்ராயோக் டிக்கெட்டை ஊரிலிருந்தே தேதி குறித்து வாங்க அவசரப்படாதீர்கள். மேகம் மூடினால் வெள்ளைச் சுவர் தவிர ஒன்றும் தெரியாது. இன்டர்லாக்கனில் இருக்கும் மூன்று நாளில், காலையில் எழுந்ததும் உச்சியின் நேரலைக் கேமராவைப் பார்த்து, தெளிவான நாளில் கிளம்புங்கள். கோடையில் கூட்டம் அதிகம் என்பதால் கூடுதல் கட்டணம் கட்டி இருக்கையையும் உறுதி செய்துகொள்வது நல்லது. ஜூன் மாதமானாலும் ஸ்வெட்டர், மூடிய காலணி, கறுப்புக் கண்ணாடி வேண்டும்.

சாப்பாட்டுக்கு, சமையலறை உள்ள அபார்ட்மென்ட் எடுத்துவிடுங்கள். கூப், மிக்ரோஸ் கடைகளில் அரிசி, தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கைகொடுக்கும். ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் வாழும் நாடு என்பதால் சூரிச், பெர்ன் போன்ற நகரங்களில் தமிழ்க் கடைகளும் உண்டு. சூரிச்சில் இறங்கும் நாளில் நேரம் இருந்தால் 1898 முதல் நடக்கும் ஹில்ட்ல் சைவ உணவகத்தில் சாப்பிடலாம். மற்ற உணவகங்களில் சூப் கேட்டால் அது இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததா என்று விசாரியுங்கள். க்ரூயேர் போன்ற மரபான சீஸ்களில் பாலை உறையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேரும், கண்டிப்பான சைவர்கள் கவனிக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

அப்புறம், அங்கே பணம் யூரோ இல்லை, ஃபிராங்க். நம் ஊர் மூன்று முள் பிளக்கும் அங்கே பொருந்தாது, ஸ்விட்சர்லாந்துக்கு ஏற்ற அடாப்டர்தானா என்று பார்த்து வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.