சுவர் நெருங்கி வந்த சாயங்காலம்

கேள்வி: அப்பா பழைய படம் பார்த்தால் கிண்டல் செய்பவன் நான். போன வாரம் வீட்டில் யாரும் இல்லாத ஒரு சாயங்காலம், சும்மா சத்தம் கேட்கட்டுமே என்று ‘12 ஆங்ரி மென்’ படத்தைப் போட்டேன். கறுப்பு வெள்ளை, ஒரே அறை, ஒரு கொலை வழக்கில் முடிவு சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள், பேச்சு, பேச்சு. ஆனால் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. அந்த அறைக்குள் நானும் மாட்டிக்கொண்ட மாதிரி மூச்சு முட்டியது. ஆசையாக மனைவிக்குப் போட்டுக் காட்டினால், பத்தாவது நிமிடம் போனை எடுத்துவிட்டாள். அது நிஜமாகவே நல்ல படமா, இல்லை எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

பதில்: வயதை விடுங்கள். மூச்சு முட்டியது என்று எழுதியிருக்கிறீர்களே, அது திட்டம் போட்டுச் செய்த வேலை. சிட்னி லூமெட் இயக்கிய முதல் சினிமா அது, வெளியானது 1957-ல். முதல் பகுதியைக் கண்மட்டத்துக்கு மேலே கேமராவை வைத்து எடுத்தார். நடுவில் கண்மட்டத்துக்கு இறக்கினார். கடைசியில் அதற்கும் கீழே. அதனால்தான் போகப்போக அறையின் மேற்கூரை தெரிய ஆரம்பிக்கிறது. கூடவே தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸாக மாற்றிக்கொண்டே போனார். பின்னால் இருக்கும் சுவர் நகர்ந்து வந்து, பேசுகிறவர்களின் முதுகில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். முடிவில் எல்லோரும் வெளியே வரும்போது இடத்தை விரித்துக் காட்டும் அகன்ற லென்ஸ். நீங்களும் அங்கேதான் மூச்சு விட்டிருப்பீர்கள்.

இதெல்லாம் 96 நிமிடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற விஷயம். நடுவில் நாலு தடவை போனைப் பார்த்தால் சுவர் நகர்வது உறைக்காது. அந்த மின்விசிறி ஞாபகம் இருக்கிறதா? முதலில் போட்டுப் பார்ப்பார்கள், ஓடாது. அப்புறம் மழை இருட்டிக்கொண்டு வந்து விளக்கைப் போட்டதும்தான் சுற்றும். இரண்டுக்கும் ஒரே சுவிட்ச். அதுவரை அவர்களோடு உட்கார்ந்து வேர்த்தவருக்குத்தான் அந்தக் காற்று வரும். வீட்டில் யாரும் இல்லாததால் உங்களுக்கு வந்தது.

மனைவி விஷயத்துக்கு வருவோம். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் திரையைப் பார்த்தீர்களா, அவர் முகத்தைப் பார்த்தீர்களா? ‘பிடிக்கிறதா, பிடிக்கிறதா’ என்று பக்கத்தில் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாராக இருந்தாலும் போனுக்குள் போய் ஒளிந்துகொள்ளத்தான் செய்வார்கள். அவரைக் குறை சொல்லாதீர்கள், வெளியான காலத்தில் வசூலிலும் சோடை போன படம்தான் அது. அதையே மறுபடி போடாமல், இருவருமே பார்க்காத ஒரு பழைய படத்தைப் போடுங்கள். அப்போது யாரும் யாருக்கும் பரீட்சை வைக்க முடியாது.

விளக்கை அணைத்துவிடுங்கள், கறுப்பு வெள்ளைப் படத்தின் நிழல்களெல்லாம் வெளிச்சத்தில் காணாமல் போய்விடும். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் செட்டிங் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை அது சீரியல் மாதிரி ஆக்கிவிடும். அப்புறம், ‘பார்த்தே தீர வேண்டிய 100 படங்கள்’ மாதிரி பட்டியல்களைத் தேடிப் போகாதீர்கள். பழசு என்பதாலேயே எல்லாம் நல்ல படம் ஆகிவிடாது. நானே பலவற்றில் தூங்கியிருக்கிறேன்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை போலிருக்கிறது, கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. மன்னிப்பெல்லாம் வேண்டாம். அடுத்து எதைப் பார்க்கலாம் என்று மட்டும் கேளுங்கள். நாலைந்து பெயர் சொல்வார். கூடவே கதையையும் ஆரம்பிப்பார். முடிவைச் சொல்வதற்குள் எப்படியாவது நிறுத்திவிடுங்கள்.